கோபால்ட் ஒரு பக்கம், கேட்டலிஸ்ட் ஒரு பக்கம்

அன்பு முருகேசா,

தீபாவளிக்குப் பேசினோம், அதோடு சரி. இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது சீரியலில் வருகிறவர்களின் நகையை எடை போட்டுச் சொல்கிறாள். தாணு ஊரோடு வந்துவிட்டானாமே? அந்தச் சைக்கிள் கணக்கு இன்னும் பாக்கி இருக்கிறது என்று சொல்.

போனிலேயே சொல்லியிருக்கலாம். நீ பாதியிலேயே 'சரி மக்கா, பாத்துக்கலாம்' என்பாய். இது பாதியில் விடுகிற விஷயம் இல்லை. படித்துவிட்டு, ஃபைபர் பட்டறை போட்டிருக்கிற பிரபுவிடமும் கொடு.

புதுப் பட்டறையின் படங்களை அவன் நேற்று அனுப்பியிருந்தான். அச்சு சுத்தமாக இருக்கிறது, கண்ணாடி இழை மேட்டை (விரிப்பை) நனையாமல் உயரத்தில் வைத்திருக்கிறான், பார்க்கவே சந்தோஷம். ஆனால் ஒரு படத்தை விரல் வைத்துப் பெரிதாக்கிப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அலமாரியில், ரெசின் என்கிற பிசினை இறுக வைக்கிற கேட்டலிஸ்ட்டின் வெள்ளைக் கேன். அதை ஒட்டி, அந்த இறுகலை வேகப்படுத்துகிற கோபால்ட் பாட்டில். நடுவில் ஒரே ஒரு அளவு கப், அதன் அடியில் ஊதாக் கறை.

முருகேசா, அந்தக் கறையின் மேல் யாராவது கேட்டலிஸ்ட்டை ஊற்றினால் போதும். ரெசினே தேவையில்லை. அந்த இரண்டும் நேருக்கு நேர் சந்தித்தால் சீறும், புகையும், தீப்பிடிக்கும். அளவு கூடினால் வெடிக்கும். நாகப்பட்டினம் வந்த புதிதில் நான் வேலை பார்த்த ஒரு பட்டறையில் இதைக் கண்ணால் பார்த்தேன். கோபால்ட் ஊற்றிய கப்பைக் கழுவாமல் ஒரு பையன் கேட்டலிஸ்ட் எடுத்தான். கப் கையிலேயே பொங்கியது. பயத்தில் உதறினான், முழங்கை வரை தோல் போய்விட்டது. முதலாளி அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, மறுநாள் அதே மேசையில் அதே மாதிரி ஒரு கப்பை வைத்தார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

உனக்கு இது நம்பச் சிரமமாக இருக்கும் என்றும் தெரியும். முப்பது வருஷமாக டயர் ரீட்ரேடிங் செய்தவன் நீ. உன் டிரெட் ரப்பருக்குள் கந்தகமும், அதன் வேலையை வேகப்படுத்துகிற ஆக்சிலரேட்டரும் ஒன்றாகத்தான் கிடக்கும். குடோனில் வெயில் ஏறாமல் பார்த்துக்கொண்டால் மாதக்கணக்கில் சும்மா இருக்கும். சூடு கொடுத்தால்தான் வேலையை ஆரம்பிக்கும். அந்தப் பழக்கத்தில் நீ பிரபுவுக்குச் சொல்லிக் கொடுத்தால் ஆபத்து. இங்கே சூட்டுக்காக எதுவும் காத்திருப்பதில்லை. வெளியே சூடு கொடுக்காமலே வேலை நடக்கவேண்டும் என்பதற்காகத்தான் கோபால்ட்டே வந்தது.

நடப்பது இதுதான். பாலியெஸ்டர் ரெசின், ஸ்டைரின் என்ற திரவத்தில் கரைந்து தேன் பதத்தில் வருகிறது. கேட்டலிஸ்ட் என்று நாம் சொல்வது ஒரு பெராக்சைடு. அது உடைந்தால்தான் ரெசின் கோர்த்துக்கொண்டு இறுகும். ஆனால் சாதாரண வெப்பத்தில் அது தானாக உடைய ரொம்ப நேரம் பிடிக்கும். கோபால்ட் ஒரு எலக்ட்ரானைக் கொடுத்து அதை உடைக்கிறது, இன்னொரு பெராக்சைடிடமிருந்து அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு பழைய நிலைக்கு வருகிறது, மறுபடி உடைக்கிறது. தான் தீராமல் சுற்றிச் சுற்றி வேலை செய்வதால்தான் டிரம் ரெசினுக்கு அத்தனை கொஞ்சம் போதுகிறது. கலக்கும்போது பார்: கோபால்ட் போட்டதும் ரெசின் இளஞ்சிவப்பாகும், கேட்டலிஸ்ட் விழுந்ததும் பச்சையோடு பழுப்புக்குத் திரும்பும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி. ரெசினுக்குள் இருவரும் தூரம் தூரமாகப் பரவி இருப்பதால் கால் மணி, இருபது நிமிஷம் நமக்குக் கிடைக்கிறது. ரெசின் இல்லாமல் சேர்த்தால் அந்தச் சூடு போக இடமே இல்லை.

அதனால் முதலில் கோபால்ட்டை ரெசினில் போட்டு நன்றாகக் கலக்க வேண்டும். அச்சில் பூசப் போகிற அளவை மட்டும் தனியே எடுத்து, கடைசியில் கேட்டலிஸ்ட். கிலோவுக்கு 10 முதல் 20 கிராம். சித்திரை வெயிலில் குறைத்துப் போடு. வெப்பம் பத்து டிகிரி ஏறினால் இறுகும் நேரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். கோபால்ட் எவ்வளவு என்பது அதன் சதவீதத்தைப் பொறுத்தது. ரெசின் கம்பெனி கொடுக்கிற தாளைப் பார்த்துப் போடட்டும், பக்கத்துப் பட்டறை அண்ணன் சொன்ன மூடிக் கணக்கு வேண்டாம். இன்னும் நல்லது, கோபால்ட் ஏற்கெனவே கலந்த ரெசினாகவே வாங்கச் சொல். கொஞ்ச நாளில் தீர்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். பட்டறையில் அந்த ஊதா பாட்டிலே இருக்காது. நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

கேட்டலிஸ்ட்டை வேறு அறையில், நிழலில், வந்த பிளாஸ்டிக் கேனிலேயே வைக்கட்டும். இரும்பு, பித்தளை எதுவும் அதில் படக்கூடாது. சிந்தினால் மரத்தூள் போட்டு ஒற்றாதே, ஈர மணல் போடு. கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் அந்தக் கேனை யாரும் திறக்கக் கூடாது, நீயும்தான். பட்டுவிட்டால் அந்த நொடியே தண்ணீர், கால் மணி நேரமாவது, பிறகுதான் ஆஸ்பத்திரி. பைப் பக்கத்திலேயே இருக்கவேண்டும்.

வேகம் வேண்டும் என்கிற ஆசைதான் எல்லாவற்றுக்கும் வேர். சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் ஃபைபர் படகுப் பட்டறைகள் புற்றீசல் போலக் கிளம்பின. நாளைக்கு ஒரு படகு அச்சைவிட்டு இறங்கவேண்டும் என்று கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் கூட்டி ஊற்றியவர்களைப் பார்த்தேன். உள்ளே சூடு ஏறி, ரெசின் நொறுங்கும் பதத்துக்குப் போய், அலை அடித்ததும் விரிசல் விட்ட படகுகள் அவை. ரிப்பேருக்கு என்னிடம்தான் வந்தன.

டீக்கடையில் நீ குட்இயர் கதையை ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாய். 1839, கந்தகம் கலந்த ரப்பர், அடுப்புச் சூட்டில் அது இறுகியது. ஓயன்ஸ்லேகரை மட்டும் எப்போதும் விட்டுவிடுவாய். 1906-ல் அமெரிக்காவின் அக்ரானில், அனிலின் என்ற ரசாயனத்தைச் சேர்த்தால் ரப்பர் சீக்கிரம் வேகும் என்று கண்டவர் அவர்தானே? அனிலின் விஷம் என்று அதைவிட ஆபத்துக் குறைந்த தயோகார்பனிலைடுக்கு மாறினார்கள். உன் தொழிலின் ஆக்சிலரேட்டர் எல்லாம் அந்த வழியில் வந்தவை. வேகத்தை மட்டும் பார்க்காமல் தொடுகிற கையையும் பார்த்தார்களே, அதைப் பிரபுவுக்குச் சொல்.

தை பிறந்ததும் ஒரு வாரம் அங்கே வந்து அவனோடு நிற்கிறேன். அதற்குள் அளவு கப்பை இரண்டாக்கிவிடு, ஒன்றில் சிவப்பு டேப் சுற்று. சந்தேகம் வந்தால் எந்நேரமும் கூப்பிடச் சொல். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கி வைக்கச் சொல்லி நான் கேட்டதாகவும் சொல்.

உன்,
சேகர்