உருவாக்கப் பொறுப்பை ஏற்ற தங்கச்சிக்கு

அன்பின் தங்கச்சி,

அமைதியும் நன்மையும்.

அசிசி பிரான்சிசின் வழியில், துறவிகளாகாமல் வீட்டில் இருந்தபடியே வாழும் எங்கள் மூன்றாம் சபையில் தேர்தல் முடிந்து, உருவாக்கப் பொறுப்பு, அதாவது உறுப்பினரைச் சபைவிதிப்படி வாழப் பயிற்றும் வேலை, உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. இனி மூன்று வருடத்துக்கு இறக்கி வைக்க ஏலாது. மாதக் கூட்டத்தை எங்கே தொடங்குவது, எப்படிக் கொண்டு போவது என்று கேட்டிருந்தீர்கள். வேறு பங்குகளிலும் இதே கேள்வி இருப்பதால் பதிலைப் பகிரங்கமாகவே எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் பிரான்சிஸ்கன் மூன்றாம் சபைக் கூட்டங்கள் சோர்ந்து போவது பக்தி குறைந்ததால் இல்லை, கூடிப் போனதால்தான். பின்னேரம் மூன்று மணிக்குச் செபமாலை தொடங்கும். பிறகு அந்தோனியார் நவநாள், மன்றாட்டுமாலை, இரண்டு பாட்டு. சுவாமி வந்தால் நாற்பது நிமிடப் பிரசங்கம். அதன் பிறகு திருவிழாவுக்கு யார் கொடி, யார் பந்தல் என்ற கதை. உருவாக்கத்துக்கு வரும்போது ஐந்து மணி, "அடுத்த மாதம் பார்ப்பம்" என்று கொப்பியை மூடுவார்கள். செபமாலை சொல்ல ஒவ்வொரு வீட்டிலும், அயல்வீட்டார் கூடும் அன்பியத்திலும் இடமிருக்கிறது. சபைவிதியை எடுத்துவைத்து வாழ்க்கையோடு உரசிப் பார்க்க மாதத்தில் இந்த ஒரு கூட்டம்தான் இருக்கிறது. ஆகவே உங்கள் முதல் வேலை கற்பிப்பது இல்லை. கூட்டத்தில் ஐம்பது நிமிடத்தைக் காவல் காப்பது.

நேரத்தை இப்படிப் பிரியுங்கள். மூன்று மணிக்கு, திருச்சபையின் நாளாந்த செபப் புத்தகமான திருப்புகழ்மாலையிலிருந்து மாலைப் புகழ் மட்டும், கால் மணித்தியாலம். 3.15க்கு உருவாக்கம், 4.05 வரை. ஆன்மீக வழிகாட்டிக்குப் பத்து நிமிடம். 4.15க்குத் தேத்தண்ணி. 4.35க்கு அலுவல்கள், அறிக்கை, கணக்கு. ஐந்து மணிக்கு, அன்று கூட்டத்துக்கு வராதவர்களின் பெயரைச் சொல்லி ஒரு செபம், அவ்வளவுதான். தீவுப் பக்கம் பஸ் பிடிக்க வேண்டியவர்களும் இரவு கடலுக்குப் போகிறவர்களும் இருந்தால் அவர்களைக் கேட்டு முழு அட்டவணையையும் அரை மணி முன்னுக்குத் தள்ளலாம். ஆனால் உருவாக்கத்தைத் தேத்தண்ணிக்குப் பின்னால் வைக்காதீர்கள். கதைத்துச் சிரித்து எழும்பியவர்களைத் திரும்ப மௌனத்துக்குக் கொண்டுவருவது மிகவும் கடினம்.

அந்த ஐம்பது நிமிடத்துக்குள் என்ன நடக்க வேண்டும்? 1978 ஜூன் 24இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அங்கீகரித்த சபைவிதி இலக்கமிட்ட 26 பகுதிகள்தான். அதில் 4 முதல் 19 வரையானவை வாழ்க்கை முறையைச் சொல்பவை. மாதம் ஒன்றாக எடுத்தால் பதினாறு மாதம், ஆகஸ்ட், டிசம்பர் போன்ற மாதங்களை விட்டுவிட்டால் ஏறக்குறைய ஒன்றரை வருடம். உங்கள் பதவிக் காலத்தில் இரண்டு சுற்று வரும். அவசரப்பட வேண்டாம். ஒரு கூட்டத்துக்கு ஒரு இலக்கம், அதற்குப் பொருத்தமான ஒரு நற்செய்திப் பகுதி. 4ஆம் இலக்கம் கேட்பதே நற்செய்தியிலிருந்து வாழ்வுக்கும் வாழ்விலிருந்து நற்செய்திக்கும் போய் வருவதைத்தான்.

முதல் ஐந்து நிமிடம் போன மாதத் தீர்மானம் என்ன ஆனது என்று கேளுங்கள். அடுத்த பத்து நிமிடத்தில் சபைவிதியின் பகுதியை ஒருவரும் நற்செய்தியை இன்னொருவரும் இரண்டு தரம் வாசிக்கட்டும். பிறகு ஐந்து நிமிட மௌனம். இரண்டாவது நிமிடத்திலேயே யாராவது ஒரு பாட்டை எடுப்பார்கள். பாடக்கூடியவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பிறகு மூன்று மூன்று பேராகப் பதினைந்து நிமிடம். கணவன் மனைவியை ஒரே மூவரில் விடாதீர்கள், இரண்டு ஓய்வுபெற்ற ஆசிரியர்களை ஒரே மூவரில் கட்டாயம் விடாதீர்கள். குறைவாகக் கதைப்பவர் முதலில் பேசட்டும். கடைசிப் பதினைந்து நிமிடத்தில் பத்து பொதுவில், ஐந்து அவரவர் கொப்பியில் ஒரு தீர்மானம் எழுத.

பகிர்வில் பிழைப்பது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். "எங்கட சனம் இப்ப இப்பிடித்தான்" என்று தொடங்கினால் அது அயல்வீட்டுக்காரரின் பாவசங்கீர்த்தனமாக முடியும். "நான்" என்று தொடங்காத வசனத்தை மெல்ல நிறுத்துங்கள். இன்னொன்று: எங்கள் ஊர்களில் ஆளுக்கு ஆள் சொந்தம். ஒரு மூவரில் சொன்னது மறுநாள் சந்தைக்கு வந்துவிட்டால் அந்த ஆள் வாழ்நாளில் திரும்ப வாய் திறக்கமாட்டார். பாவசங்கீர்த்தனத்துக்கு உரியதை அங்கே கொண்டு போகட்டும், கூட்டத்தில் கேட்க வேண்டாம்.

கேள்வியை எழுதுவதில்தான் உங்கள் வேலை முழுவதும் இருக்கிறது. 13ஆம் இலக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: எல்லா மனிதரையும் ஆண்டவரின் கொடையாக ஏற்கவும், எல்லாரோடும், விசேடமாக எளியவரோடும், சரிசமமாக நிற்கவும் அது கேட்கிறது. தாளில் "நாம் எல்லாரையும் ஏற்றுக்கொள்கிறோமா?" என்று எழுதினீர்களோ, "ஓம்" என்று ஒருமித்த குரலில் பதில் வரும், பத்து நிமிடத்தில் கலைவீர்கள். லூக்கா 14இல் விருந்துக்கு யாரை அழைப்பது என்று இயேசு சொல்லும் பகுதியை வாசித்துவிட்டு, இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "போன ஆறு மாதத்தில் எந்தெந்த வீட்டில் இருந்து தேத்தண்ணி குடித்தேன்? எந்த வீட்டில் முற்றத்தோடு நின்று கதைத்துவிட்டுத் திரும்பினேன்? என் வீட்டில் யாருக்கு எந்தக் கோப்பையில் கொடுத்தேன்?" அறை அமைதியாகும். சாதி என்ற சொல்லைத் தாளில் எழுத வேண்டிய தேவையே இல்லை, எல்லாருக்கும் விளங்கும். சிலருக்குக் கோபம் வரும். அந்த மாதம் அதற்கு மேலே தள்ள வேண்டாம். தீர்மானம் ஒன்று மட்டும்: இந்த மாதம் நோயாளி ஒருவரைப் பார்க்கப் போகும்போது இதுவரை உள்ளே போகாத ஒரு வீட்டுக்குள் போய் இருந்து, தருவதை வாங்கிக் குடித்து வருவது. போகிறவர்கள் இருவராகப் போகட்டும். அடுத்த மாதம் முதல் ஐந்து நிமிடத்தில் "போனீர்களா" என்று மட்டும் கேளுங்கள். யார் வீடு என்று கேட்க வேண்டாம்.

11ஆம் இலக்கத்தின் எளிமைக்கும் அப்படியே. வறுமை என்றதும் எங்கள் ஆட்கள் பிரான்சிஸ் அசிசியார் உடுப்பைக் கழற்றித் தகப்பனிடம் கொடுத்த கதைக்குப் போய்விடுவார்கள். நல்ல கதைதான், ஆனால் அது எங்கள் கணக்குப் புத்தகத்தைத் தொடாது. சாமத்தியவீட்டுக்கு எவ்வளவு, சீதனமாக எதைக் கேட்டோம், வெளிநாட்டிலிருந்து வந்த காசில் எந்த வீதம் மதிலுக்கும் கேற்றுக்கும் போனது என்று கேட்டால் தொடும். தொகையை வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை, ஒரு மாத வீட்டுச் செலவை அவரவர் கொப்பியில் எழுதி, ஒரு வரியை வெட்டட்டும். வெட்டியதில் மிஞ்சியது யாருக்குப் போகிறது என்பதையும் எழுதச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அது வெறும் சேமிப்பு. கூட்டத்துத் தேத்தண்ணியும் இதற்குள் அடக்கம். ஒருவர் ரோல்ஸ் வைத்தால் அடுத்தவர் கேக் வைப்பார், மூன்றாவது ஆள் முறை வரப் பயந்து கூட்டத்துக்கே வரமாட்டார். பிளேன்ரீயும் பனங்கட்டித் துண்டும், அல்லது அவித்த கடலை. எல்லா வீட்டுக்கும் அதுதான் என்று ஆலோசனைச் சபையில் முடிவெடுத்து எழுதிவையுங்கள்.

விதியோடு சேர்த்துப் பிரான்சிசின் சொந்த எழுத்துகளையும் பழக்கப்படுத்துங்கள். அவருடைய அறிவுரைகள் இருபத்தெட்டு. பல ஒரு பந்திதான், கூட்டத்துக்கென்றே அளந்து வைத்ததுபோல இருக்கும். பதினான்காவதை முதலில் எடுங்கள். செபத்திலும் ஒறுத்தலிலும் ஊறியவர்கள் தங்களைக் குத்தும் ஒரு சொல்லுக்கோ, தங்களிடமிருந்து எடுக்கப்பட்ட ஒரு பொருளுக்கோ உடனே பொங்குவதை அவர் சொல்லியிருக்கிறார். திருவிழாக் குழுவில் இருந்த யாருக்கும் விளக்கவுரை வேண்டியதில்லை. ஒரு திருத்தமும்: அமைதியின் கருவியாக என்னை ஆக்கும் என்று எல்லாரும் பாடும் செபம் அவருடைய எழுத்துகளில் இல்லை. அது முதலில் 1912இல் பிரெஞ்சில் ஒரு சஞ்சிகையில் வந்தது. பாடுவதை நிறுத்த வேண்டாம், ஆனால் "பிரான்சிஸ் எழுதியது" என்று தாளில் போடாதீர்கள். அவருடையது வேண்டுமென்றால் சான் தமியானோ என்ற சிறு கோவிலின் சிலுவை முன் சொன்ன சின்னச் செபம் இருக்கிறது, மனப்பாடம் செய்யலாம்.

புதிதாக வருபவர்களின் உருவாக்கம் வேறு, இதோடு கலக்காதீர்கள். அறிமுக நிலை, பிறகு சபைக்குள் ஏற்பு, அதிலிருந்து குறைந்தது ஒரு வருடப் பயிற்சி, அதன் பின்புதான் இந்த விதிப்படி வாழ்வேன் என்று கொடுக்கும் வார்த்தைப்பாடு. வயது பதினெட்டு நிறைந்திருக்க வேண்டும். வார்த்தைப்பாடு இயல்பில் வாழ்நாளுக்கானது. தேவையென்று கண்டால் தற்காலிகமாகக் கொடுத்து வருடந்தோறும் புதுப்பிக்கலாம், ஆனால் மொத்தம் மூன்று வருடத்துக்கு மேல் இழுக்கக்கூடாது. மாதக் கூட்டத்தில் மட்டும் அவர்களை இருத்தினால் ஒரு வருடத்தில் பன்னிரண்டு தரம்தான் காண்பீர்கள், அது போதாது. இரண்டு கிழமைக்கு ஒருமுறை யாராவது வீட்டில் ஒரு மணித்தியாலம் தனியாகச் சந்தியுங்கள். வந்து சேர்பவர்களில் சிலருக்குச் செத்தவீட்டில் கொடியோடு நாலு பேர் வரவேணும் என்பதுதான் மனதில் இருக்கும். குற்றம் சொல்ல ஏலாது, எங்கள் பங்குகளில் சபை என்றால் அப்படித்தான் கண்டு வளர்ந்தார்கள். ஆனால் ஒரு வருடத்துக்குப் பிறகும் அதே நினைப்பென்றால் வார்த்தைப்பாட்டைத் தள்ளிப்போடச் சொல்லி ஆலோசனைச் சபைக்கு அறிக்கை கொடுக்க வேண்டியது நீங்கள்தான். ஏற்கெனவே மரியாயின் சேனை, வின்சென்ட் டி போல் சபை, பாடகர் குழு மூன்றிலும் ஓடித்திரிபவரிடம் எதைக் குறைக்கப் போகிறார் என்று முதலிலேயே கேளுங்கள்.

ஆன்மீக வழிகாட்டி பற்றி. எங்கள் மறைமாவட்டத்தில் அமலமரித் தியாகிகள் சபைக் குருக்களும் மறைமாவட்டக் குருக்களும் பங்குகளைப் பார்க்கிறார்கள். பிரான்சிஸ்கன் குரு பக்கத்தில் கிடைக்காவிட்டால் எங்கள் சபையின் பொதுச் சட்டத்தொகுப்பு வழி விட்டிருக்கிறது. பொறுப்பான பிரான்சிஸ்கன் மேலதிபர் தயாரிக்கப்பட்ட வேறொரு குருவையோ துறவியையோ நியமிக்கலாம். அவர் ஆலோசனைச் சபையின் உறுப்பினர், ஆனால் தலைவர் இல்லை, பண விடயத்தில் வாக்கும் இல்லை. சுவாமி வந்ததும் எல்லாரும் எழும்பி நின்று கூட்டத்தையே கையில் கொடுப்பது எங்கள் பழக்கம். அவர் பிழையில்லை. தாளை ஒரு கிழமைக்கு முன் அவரிடம் கொடுத்து, "4.05க்குப் பத்து நிமிடம், இந்த இலக்கத்தைப் பற்றி" என்று மரியாதையாகச் சொன்னால் பெரும்பாலானவர்கள் சந்தோசப்படுவார்கள், அவர்களுக்கும் அன்று மூன்றாவது பிரசங்கமாக இருக்கும்.

காசு உங்கள் பொறுப்பில்லை, இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். 25ஆம் இலக்கம் அவரவர் வசதிப்படி காணிக்கை கேட்கிறது, ஆகவே மூடிய கடித உறை, பெயரில்லை. பெயரும் தொகையும் வாசிக்கும் வழக்கம் இருந்தால் முதலாம் கூட்டத்திலேயே நிறுத்தச் சொல்லுங்கள். பொது நிதியைச் சீட்டுக்குப் போடுவதும் உறுப்பினருக்குக் கைமாற்றாகக் கொடுப்பதும் சபையை உடைத்துவிடும். செபத்தால் ஒட்டவைக்க ஏலாத உடைவு அது.

வராதவர்களைப் பற்றியும் திட்டம் வேண்டும். வார்த்தைப்பாடு கொடுத்தவர் படுக்கையில் கிடந்தாலும் உறுப்பினர்தான். கூட்டம் முடிந்த கிழமைக்குள் இருவர் அன்றைய தாளோடு போய் அதே நற்செய்தியை வாசித்து, அதே கேள்வியைக் கேட்டு வரட்டும். அவர் சொல்வதை அடுத்த கூட்டத்தில், அவர் அனுமதித்தால், வாசியுங்கள். வரவுப் பதிவேட்டில் இவர்களுக்கு "வரவில்லை" என்று போடாமல் தனி நிரல் வையுங்கள்.

ஆண்டுத் திட்டத்தில் ஜூன் 13 அந்தோனியார், ஆகஸ்ட் 11 கிளாரா, நவம்பர் 17 ஹங்கேரியின் எலிசபெத்து ஆகியவை தானாக வந்துவிடும். பாஷையூரிலும் கச்சதீவிலும் அந்தோனியாருக்குக் கூடும் சனத்தில் அவர் ஒரு பிரான்சிஸ்கன் துறவி என்று யோசிப்பவர் குறைவு. ஜூன் கூட்டத்தில் அதைச் சொல்லலாம். நீங்கள் பிரயாசைப்பட வேண்டியது அக்டோபர் 3 மாலைக்கு. 1226இல் அன்று பொழுதுசாயும் நேரம்தான் பிரான்சிஸ் இறந்தார். யோவான் 13ஐ வாசிக்கச் சொல்லிக் கேட்டு, திருப்பாடல் 142ஐச் சொன்னபடி போனார். அந்த இரண்டையும் மட்டும் வைத்து அரை மணித்தியால வழிபாடு செய்யலாம், பிரசங்கம் வேண்டாம். மழைக்கு முன் பனம்விதை நடுகிற காலமும் அதுதான், படைப்புகளை மதிக்கச் சொல்லும் 18ஆம் இலக்கத்தை அந்த மாதத்துக்கு ஒதுக்குங்கள்.

முதல் கூட்டத்தில் 13 வேண்டாம், ஆட்கள் உங்களைப் பழகட்டும். 4ஆம் இலக்கத்தில் தொடங்குங்கள். தாள் ஒரு பக்கம்தான்: மேலே விதி, நடுவில் நற்செய்தியின் அதிகாரமும் வசனமும், கீழே இரண்டு கேள்வி, தீர்மானம் எழுத மூன்று கோடு. எழுத்துப் பெரிதாக இருக்கட்டும், பாதிப் பேர் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டுத்தான் வருவார்கள். கூட்டத்துக்கு முந்திய ஞாயிறு திருப்பலி முடிந்து வாசலில் நின்று கையில் கொடுங்கள். வட்ஸ்அப்பில் அனுப்பினால் கையைக் கூப்பிய படம் பதிலாக வரும், வாசித்திருக்கமாட்டார்கள். போட்டோக்கொப்பிக் காசுக்குப் பற்றுச்சீட்டை வாங்கிப் பொருளாளரிடம் கொடுக்க மறக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் மூத்த சகோதரர் ஒருவர்