நடைச் சங்கம்: 2024 ஆண்டறிக்கை

அங்கத்தவர்களுக்கு வணக்கம். பொதுக்கூட்டத்துக்கு வந்தவர்கள் 11 பேர்தான் என்பதால், அன்று செயலாளராக நான் வாசித்ததை வராதவர்களுக்காக இங்கே போடுகிறேன். கொஞ்சம் கூட்டியும் எழுதியிருக்கிறேன்.

தை மாதம் மழை, ஒன்றும் நடக்கவில்லை. பங்குனியில் எங்கள் திருகோணமலைக் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயில்வரை காலை நடை, எங்களைவிட மான்கள்தான் அதிகம். சித்திரையில் கன்னியா வெந்நீரூற்று. வைகாசியில் உப்புவெளியிலிருந்து நிலாவெளிக்குக் கடற்கரையோரமாக. ஈர மணலில் நடந்தால் கால் புதையாது என்று சொல்லியும் கேளாதவர்கள் சாம்பல்தீவிலேயே பஸ் ஏறிவிட்டார்கள்.

சரி, ஆவணி நடைக்கு வருகிறேன். நக்கிள்ஸ் மலையில் றிவஸ்டன் பக்கம், இரண்டு இரவு, மூன்று பகல், 10 பேர் மட்டும். ஏன் 10 என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். தன் மச்சானைச் சேர்க்கவில்லை என்று ஒருவர் என்னோடு கதைப்பதே இல்லை. முன்னால் ஊர் வழிகாட்டி, கடைசியில் நான், நடுவில் யார் பின்தங்கினாலும் எங்கள் இருவரில் ஒருவருக்காவது தெரியவேண்டும், அவ்வளவுதான் காரணம். பிட்டவல பத்தனைப் புல்வெளியின் ஓரத்தில் தரை சட்டென்று முடிந்து பள்ளம் விழுகிறது. அங்கே முகில் இறங்கினால் 25 பேரை யார் எண்ணுவது?

பெயர் கொடுத்தவர்கள் 16. வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் காட்டியவர்கள் இன்னும் அதிகம். முற்பணம் கட்டியவர்கள் 6. புறப்படுவதற்கு முதல்நாள் இரவு ஒன்பதரைக்கு ஒருவர் எடுத்து "தம்பி, வீட்டில ஒரு அலுவல்" என்றார். மறுநாள் அவர் உவர்மலையில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டு நின்றதாகக் கேள்வி. கடைசியில் 7 பேர் போனோம், வானுக்குக் கொடுத்தது 10 பேரின் காசு. மிச்சத்தை யார் போட்டது என்பது பொருளாளருக்குத் தெரியும், நான் சொல்ல வரவில்லை.

போனவர்களைக் கேட்டுப் பாருங்கள். றிவஸ்டனில் காற்று ஒருவரின் தொப்பியைப் பிடுங்கிப் பள்ளத்தில் எறிந்தது. பல் கிடுகிடுக்க நின்றபோது, எங்களோடு வந்த ஓய்வுபெற்ற புவியியல் ரீச்சர் சொன்னார்: இந்தத் தென்மேல் காற்றுதான் மலைக்கு அந்தப்பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப்பக்கம் இறங்க இறங்கக் காய்ந்து சூடேறி, எங்கள் ஊருக்குக் கச்சான் என்கிற வறண்ட சூட்டுக் காற்றாக வருகிறதாம். நாற்பது வருடமாகக் கச்சானைத் திட்டியவன் நான், அன்றுதான் அதன் பிறந்த வீட்டைப் பார்த்தேன்.

கணக்கைப் பொருளாளர் கேட்டால் காட்டுவார். வரவும் செலவும் கிட்டத்தட்டச் சரி, இடிக்கிற இடம் மழையில் நனைந்துபோன பற்றுச்சீட்டுகள். சந்தா பாக்கிப் பட்டியல் என் சட்டைப்பையில் இருந்தது, கூட்டத்தில் வாசிக்கவில்லை. அடுத்த முறையும் வாசிக்காமல் இருப்பேன் என்று நினைக்கவேண்டாம்.

போசகருக்கும் நிர்வாகக் குழுவுக்கும், விடியப்புறம் பாணும் சம்பலும் கட்டித்தந்த வீட்டாருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பேக்கோ பாதை. கண்டிக்குப் பக்கத்தில் ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிறது, 300 கிலோமீற்றருக்கும் மேல், 22 கட்டம். பயப்படவேண்டாம், தேயிலைத் தோட்டங்களுக்குள்ளால் போகும் இரண்டு கட்டம் போதும். மறுபடியும் செயலாளராக நிற்கும் எண்ணம் எனக்கில்லை, முழங்காலும் அதைத்தான் சொல்கிறது. யாராவது முன்வந்தால் கோப்பு, முதலுதவிப் பெட்டி, விசில் மூன்றையும் அன்றைக்கே தந்துவிடுவேன். ஒருவரும் வராவிட்டால், மார்ச் 15க்குள் முற்பணம் கட்டுகிற முதல் 10 பேரோடு புறப்படுகிறேன். மச்சான்மாரும் கட்டலாம்.