அமெரிக்க இலக்கியத் தாளில் ஆல்பியன் டூர்ஷேவுக்கு இடம் கொடுங்கள்

அமெரிக்க இலக்கியத் தாளுக்குப் பாடத்திட்டம் வகுக்கும் ஆங்கிலத் துறைப் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். நான் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. முடித்து, அப்புறம் சட்டம் படித்து, இப்போது வழக்கறிஞராகத் தொழில் செய்பவன். எம்.ஏ. வகுப்பில் ஹாதார்ன், விட்மன், ட்வெய்ன் என்று வரிசையாகப் படித்தேன். சட்டக் கல்லூரியில் 'பிளெஸ்ஸி எதிர் ஃபெர்குசன்' வழக்கைப் படித்தேன். கறுப்பர்களைத் தனி ரயில் பெட்டியில் உட்கார வைப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதமில்லை என்று 1896இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன வழக்கு அது. பிளெஸ்ஸியின் தரப்பில் நின்று தோற்ற வழக்கறிஞர், தன் காலத்தில் நாடு முழுக்கப் படிக்கப்பட்ட நாவலாசிரியர் என்பதை அந்த இரண்டு இடத்திலும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. சட்ட வகுப்பில் அவர் வெறும் பெயர். இலக்கிய வகுப்பில் அந்தப் பெயர்கூட வரவில்லை.

ஆல்பியன் டூர்ஷேவை உங்கள் தாளில் சேர்க்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

அவர் 1838இல் ஒஹாயோ மாநிலத்தில் பிறந்தவர். சிறுவயதில் தாயை இழந்தார், பதின்ம வயதில் ஒரு விபத்தில் ஒரு கண் பார்வையும் போயிற்று. ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது 1861 ஏப்ரலில், அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தெற்கு மாநிலங்களுக்கும் வடக்குக்கும் இடையே உள்நாட்டுப் போர் மூண்டது. ஒரு கண்ணோடுதான் நியூயார்க் 27ஆவது தொண்டர் படையில் சேர்ந்தார். அந்த ஜூலையில் நடந்த முதலாம் புல் ரன் சண்டையில் வடக்குப் படை தலைதெறிக்க ஓடியபோது, பீரங்கி வண்டி ஒன்று இடித்து அவருடைய முதுகெலும்பு அடிபட்டது. சில காலம் நடக்க முடியாமல் கிடந்தார். அந்த முதுகு வலி சாகும்வரை அவரை விடவில்லை. வேறு யாராக இருந்தாலும் அதோடு வீட்டில் இருந்திருப்பார்கள். இவர் 1862இல் ஒஹாயோவின் 105ஆவது படையில் லெப்டினன்ட்டாகத் திரும்பிப் போனார். பெரிவில் சண்டையில் மறுபடி காயம். 1863 தொடக்கத்தில் எதிரியிடம் பிடிபட்டு, ரிச்மண்டின் லிபி சிறையிலும் இருந்தார். கைதிப் பரிமாற்றத்தில் வெளியே வந்ததும் எம்மா கில்போர்னைக் கல்யாணம் செய்துகொண்டு, மறுபடி போர்முனைக்கே போனார். அந்த ஆண்டுக் கடைசியில்தான் உடம்பு முடியாமல் ராஜினாமா செய்தார்.

இத்தோடு முடிந்திருந்தால் ஆயிரக்கணக்கான சிப்பாய்களில் ஒருவராகத்தான் இருந்திருப்பார். போர் முடிந்த 1865இல், தோற்ற தெற்குக்கே குடிபோக முடிவு செய்தார். வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ ஊரில் செடி நர்சரி வைத்தார், பத்திரிகை நடத்தினார். தெற்கில் இப்படிக் குடியேறிய வடக்கத்தியர்களை 'கார்பெட்பேக்கர்' என்று ஏசுவார்கள். கம்பளத் துணிப் பையோடு பிழைக்க வந்தவன் என்று பொருள். 1868இல் மாநிலத்துக்குப் புதிய அரசியல் சட்டம் எழுதிய சபையில் அவர் உறுப்பினர். சொத்து இருப்பவன்தான் பதவிக்கு வரலாம் என்ற விதி அப்போது போனது. எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுப் பள்ளி என்ற ஏற்பாடு வந்தது. அதே ஆண்டு மேல் நீதிமன்ற நீதிபதியானார், 1874 வரை அந்தப் பதவியில் இருந்தார்.

அவருடைய நீதிமன்ற வட்டத்துக்குள் கிரஹாம் என்று ஒரு சிற்றூர். வயட் அவுட்லா என்ற கறுப்பர் அங்கே நகரசபை உறுப்பினராகவும் காவலராகவும் இருந்தார். 1870 பிப்ரவரி 26ஆம் தேதி இரவு, கு க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பல் அவரை வீட்டிலிருந்து இழுத்து வந்து, நீதிமன்றத்துக்கு அருகே இருந்த மரத்தில் தூக்கிலிட்டது. கறுப்பரோ வெள்ளையரோ, குற்றவாளிகள் ஜாக்கிரதை என்று எழுதிய தாளைப் பிணத்தின் மேல் குத்தி வைத்திருந்தார்கள். மூன்று மாதம் கழித்து, டூர்ஷேவின் நண்பரும் மாநில செனட்டருமான ஜான் ஸ்டீஃபன்ஸை யான்சிவில் நீதிமன்றக் கட்டடத்துக்குள்ளேயே கொன்றார்கள். டூர்ஷே விடாமல் சாட்சிகளைத் தேடி, கிளான்காரர்கள் மீது குற்றச்சாட்டு பதிவாகும் வரை கொண்டுபோனார். மாநிலச் சட்டமன்றம் என்ன செய்தது தெரியுமா? எந்தச் சட்டங்களின் கீழ் அந்தக் குற்றச்சாட்டுகள் பதிவாயினவோ அந்தச் சட்டங்களையே ரத்து செய்தது. பிறகு பொதுமன்னிப்பும் கொடுத்தது.

நான் நீதிமன்றத்திலேயே நாளைக் கழிப்பவன். ஒரு நீதிபதிக்கு இதைவிடப் பெரிய தோல்வி இருக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. கொலையாளிகளின் பெயர் தெரியும், சாட்சி இருக்கிறது, ஆனால் தண்டிக்கச் சட்டமே இல்லாமல் போய்விட்டது. நீதிமன்றத்தில் நடக்காததை அவர் நாவலில் செய்தார். 1879இல் ஆசிரியர் பெயர் இல்லாமலே வெளிவந்த 'எ ஃபூல்ஸ் எரண்ட்' நாவலில் அவுட்லாவின் சாவு ஜெர்ரி என்ற முதியவரின் சாவாக வருகிறது. ஸ்டீஃபன்ஸ் அங்கே வால்டர்ஸ். கம்ஃபர்ட் செர்வோஸ் என்ற முன்னாள் வடக்கு ராணுவ அதிகாரி, போர் முடிந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பித் தெற்கில் நிலம் வாங்குகிறார். அந்த நம்பிக்கைதான் தலைப்பில் உள்ள முட்டாள்தனம். ஏறத்தாழ 2 லட்சம் பிரதிகள் விற்றதாகச் சொல்கிறார்கள்.

அந்த நாவலில் என்னை உலுக்கியது அதன் கோபம் திரும்பும் திசை. கிளானை அது சும்மா விடவில்லை, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் அடிமையாக இருந்தவன் கையில் ஓட்டைக் கொடுத்துவிட்டு, அதைப் போடப் போகிறவனைப் பாதுகாக்க ஆள் வைக்காமல் ஊருக்குத் திரும்பிய வடக்கு அரசியல்வாதிகள் மேல்தான் அதன் பெரிய கோபம். வென்ற தரப்பில் முதுகெலும்பு நொறுங்கச் சண்டை போட்ட ஒருவர் எழுதியது இது.

அடுத்த ஆண்டே 'பிரிக்ஸ் வித்தவுட் ஸ்ட்ரா' வந்தது. வைக்கோல் கொடுக்காமல் செங்கல் அறுக்கச் சொன்ன பாரோவின் பைபிள் கதையிலிருந்து எடுத்த தலைப்பு. என்னைக் கேட்டால் இதுதான் மேலான நாவல். கதை கறுப்பர்களின் கையில் இருக்கிறது: புகையிலை விளைவித்துத் தன் காலில் நிற்கும் நிம்பஸ், நடக்க முடியாத ஆசிரியர் எலியாப் ஹில். விடுதலைக்குப் பிறகு நிம்பஸ் தன் கல்யாணத்தைப் பதிவு செய்யப் போகும் இடம் ஒன்று உண்டு. குடும்பப் பெயர் என்ன என்று கேள்வி வருகிறது. அவருக்கு அப்படி ஒன்று இருந்ததே இல்லை. பழைய எஜமான் டெஸ்மிட்டின் பெயரை ஒட்டவைக்கப் பார்க்கிறார்கள். நிம்பஸ் அதை விரும்பவில்லை. மனைவியைச் சட்டப்படி மனைவி என்று எழுதிக்கொள்ள வந்த மனிதருக்கு, தன்னை என்ன பெயரில் எழுதிக்கொள்வது என்பதே பெரும் வழக்காகிவிடுகிறது. விடுதலை என்பது ஒரு குமாஸ்தாவின் பேரேட்டில் எப்படித் தட்டுப்படுகிறது என்று இதைவிடத் துல்லியமாகக் காட்டிய பக்கங்களை அந்தக் காலத்து அமெரிக்கப் புனைவில் நான் படித்ததில்லை.

சரி, இலக்கியத் தரம் பற்றிய கேள்வியை நீங்கள் எழுப்புவீர்கள். நியாயமான கேள்வி. டூர்ஷே ட்வெய்ன் இல்லை. பாத்திரங்கள் பக்கம் பக்கமாகப் பிரசங்கம் செய்வார்கள். காதல் கதையைத் தற்செயல்களை வைத்தே ஒப்பேற்றுவார். கறுப்பர்களைப் பற்றி எழுதும்போது பெரியமனுஷத் தொனி சில இடங்களில் எட்டிப் பார்க்கும். இதையெல்லாம் வகுப்பிலேயே பேசுங்கள், ஒளிக்க வேண்டாம். ஆனால் அந்த நூற்றாண்டில் இலக்கியத் தரம் என்று எதை ஒப்புக்கொண்டார்கள் என்பதும் பாடத்தின் பகுதிதானே? 1888இல் டூர்ஷேவே ஒரு கட்டுரையில் இதை எழுதினார்: அமெரிக்க இலக்கியம் தெற்கத்தியதாக மாறியது மட்டுமில்லை, அதன் அனுதாபம் முழுக்கத் போரில் தோற்ற கான்ஃபெடரேட் (தெற்குத்) தரப்பின் மேலேயே போய்விட்டது என்று. அவர் இறந்த 1905ஆம் ஆண்டில்தான் கிளானை வீரர்களாக்கிய 'தி கிளான்ஸ்மேன்' நாவல் வந்தது. அதிலிருந்து பிறந்த 'பர்த் ஆஃப் எ நேஷன்' படம் 1915இல் வந்தது, அதே ஆண்டு கிளான் மறுபடி உயிர்பெற்றது. அந்தப் படத்தைத் திரைப்பட வரலாற்றில் இன்றும் பாடமாக வைக்கிறோம். நேரில் பார்த்து எழுதியவரின் நாவல் தூசி படிந்து கிடக்கிறது. கிரஹாம் நீதிமன்றத்தின் முன்னால் 1914இல் கான்ஃபெடரேட் சிப்பாய்க்குச் சிலை வைத்தார்கள்.

இனி வழக்குக்கு வருகிறேன், ஏனென்றால் என் வேண்டுகோளின் உயிர் அங்கேதான் இருக்கிறது. லூசியானா மாநிலம் 1890இல் ரயில் பெட்டிகளைப் பிரிக்கும் சட்டம் போட்டது. நியூ ஆர்லியன்ஸில் லூயி மார்ட்டினே, ரொடால்ஃப் டெடூன் போன்ற கறுப்பினத்தவர்கள் குடிமக்கள் குழு அமைத்து, சிறுகச் சிறுகப் பணம் திரட்டி, சட்டத்தை எதிர்க்கத் துணிந்தார்கள். டூர்ஷே அப்போது நியூயார்க் மாநிலத்தின் மேவில் ஊரில் இருந்தார். வாரப் பத்தி எழுதிப் படுகொலைகளைக் கண்டித்துக்கொண்டிருந்தார். ஒரு காசு வாங்காமல் வழக்கை ஏற்றுக்கொண்டார். 1892 ஜூன் 7 அன்று ஹோமர் பிளெஸ்ஸி என்ற செருப்புத் தொழிலாளி, முதல் வகுப்புச் சீட்டோடு வெள்ளையர் பெட்டியில் ஏறிக் கைதானார். அவர் தோற்றத்தில் வெள்ளையர். அப்படி ஒருவரைத் தேர்ந்தெடுத்தது திட்டமிட்டுத்தான். யார் எந்த இனம் என்று முடிவு செய்யும் அதிகாரத்தை ஒரு ரயில் கண்டக்டர் கையில் எப்படிக் கொடுக்க முடியும் என்பது டூர்ஷேவின் முதல் அடி.

அவர் உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த எழுத்து வாதத்தை வாசியுங்கள். அந்தச் சட்டத்தில் ஒரு விலக்கு இருந்தது: வெள்ளைக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் கறுப்பு ஆயா வெள்ளையர் பெட்டியில் வரலாம். டூர்ஷே அதைப் பிடித்துக்கொண்டார். வேலைக்காரியாக வந்தால் தீட்டில்லை, சமமான பயணியாக வந்தால்தான் தீட்டு என்றால், இந்தச் சட்டம் யாருடைய நலனுக்கு? நம் மாணவர்களுக்கு இதை விளக்க வேண்டியிருக்காது. பின்வாசல் வழியாக வேலைக்கு வர மட்டும் அனுமதி இருந்த வீடுகளைப் பற்றி அவர்கள் பாட்டிமார்களிடம் கேட்டிருப்பார்கள்.

பிறகு நீதிபதிகளிடமே பேசுகிறார். நாளைக் காலை நீங்கள் ஒவ்வொருவரும் கறுத்த தோலோடும் சுருட்டை முடியோடும் விழித்தெழுவதாக வைத்துக்கொள்ளுங்கள், ரயிலில் போகும்போது கண்டக்டர் உங்களை அந்தத் தனிப் பெட்டிக்குப் போகச் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள், அப்போது உங்கள் மனம் என்ன பாடுபடும் என்று கேட்கிறார். ஒரு வழக்கறிஞனாகச் சொல்கிறேன், எந்த முன்தீர்ப்பையும் மேற்கோள் காட்டாத இப்படி ஒரு பத்தியை உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய எங்களில் பலருக்குக் கை வராது. அது நாவலாசிரியரின் கை. இருபது வருடமாகக் கதைகளில் வாசகரிடம் செய்துகொண்டிருந்ததை அவர் நீதிபதிகளின் நாற்காலிகள் முன்னால் செய்தார்.

1896 மே 18 அன்று 7-க்கு 1 என்று தோற்றார். நீதி தேவதை கண்ணைக் கட்டியிருக்கிறாள், அவள் மகளான சட்டம் நிறத்தையாவது பார்க்காமல் இருக்க வேண்டும் என்று அவர் எழுதியிருந்தார். மாறுபட்ட தீர்ப்பு எழுதிய ஒரே நீதிபதி ஹார்லன், நம் அரசியல் சட்டத்துக்கு நிறம் தெரியாது என்று எழுதினார். அந்த வரியைச் சட்டம் படித்த எல்லாரும் ஒப்பிப்போம். 1954இல்தான் பள்ளிகளைப் பொறுத்தவரை பிளெஸ்ஸி தீர்ப்பு வீழ்ந்தது. பிளெஸ்ஸிக்கு லூசியானா ஆளுநரின் மன்னிப்பு 2022 ஜனவரியில் கிடைத்தது. டூர்ஷே பிரான்சின் போர்தோ நகரில் அமெரிக்கக் கான்சலாக (தூதரக அதிகாரியாக) இருந்து அங்கேயே 1905இல் இறந்தார். அந்த ஆண்டு நவம்பரில், கறுப்பின அறிஞர் டு பாய்ஸ் முதலானோர் கறுப்பர் உரிமைக்காகத் தொடங்கிய நயாகரா இயக்கம் விடுதலையின் நண்பர்கள் என்று மூவருக்கு நினைவுக் கூட்டங்கள் நடத்தச் சொன்னது: அடிமை ஒழிப்புப் போராளிகளான கேரிசன், ஃபிரெடரிக் டக்ளஸ், அவர்களோடு டூர்ஷே. யாருடைய பக்கத்தில் அவரை உட்கார வைத்தார்கள் பாருங்கள்.

நான் கேட்பது ஒரு முழு நாவலைக்கூட இல்லை. உரைநடை அலகில் மூன்று பகுதிகள் போதும்: முதல் நாவலில் ஜெர்ரி தூக்கிலிடப்படும் பகுதி, இரண்டாவதில் நிம்பஸ் பதிவுக்குப் போகும் பகுதி, வழக்கு வாதத்திலிருந்து நான் மேலே சொன்ன பக்கங்கள். நாவல்கள் காப்புரிமை முடிந்தவை, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாணவர்களுக்கு ஒரு ரூபாய் செலவில்லை. பக்கத்தில் சட்டக் கல்லூரி இருந்தால் அங்குள்ள ஆசிரியர் ஒருவரை ஒரு மணி நேரம் வகுப்பெடுக்கக் கூப்பிடுங்கள், சந்தோஷமாக வருவார்கள். அழைத்தால் நானும் வரத் தயார். அடுத்த பாடத்திட்டக் குழுக் கூட்டத்தின் பொருள்நிரலில் இதை ஒரு வரியாகச் சேர்த்து விவாதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
உங்கள் பழைய மாணவர்களில் ஒருவன்