மாடல் விமானக் கழகம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. ஓடுபாதையில் முறைவைத்துப் புல் வெட்டியவர்களுக்கு நன்றி. மற்றபடி இந்த அறிக்கை முழுவதும் இரட்டை மோட்டார் விமானங்களைப் பற்றியதே. நான் உட்படப் பலர் இந்த ஆண்டுதான் அவற்றை முதன்முதலாகக் கையில் எடுத்தோம்.

ஆண்டின் முதல் விபத்து என்னுடையது. 1965இல் முதலில் பறந்த ட்வின் ஆட்டர் விமானத்தின் நுரை மாடல் அது. மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ரோட்டிலை முழுசாகத் தள்ளி மேலேறி ஒரு தென்னை உயரம் போயிருக்கும், இடது மோட்டார் நின்றுவிட்டது. மூக்கு இடப்பக்கம் இழுத்தது, இடது இறக்கை தாழ்ந்தது. பழகிய கை எய்லரானை (விமானத்தைச் சாய்க்க இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் அசையும் பலகை) வலப்பக்கம் தள்ளியது. த்ரோட்டில் முழுசாகவே இருந்தது. அடுத்த நொடி விமானம் இடப்பக்கமாகப் புரண்டு தலைகுப்புற விழுந்தது.

ஏன் அப்படி ஆனது என்று அன்று மாலையே மூத்த உறுப்பினர் ஒருவர் உடைந்த இறக்கையைக் கையில் வைத்துக்கொண்டு காட்டினார். வலப்பக்கம் எய்லரான் கொடுத்தால் இடது இறக்கையின் எய்லரான் கீழே இறங்குகிறது. ஏற்கெனவே வேகம் குறைந்த அந்த இறக்கைக்கு அது இழுவையைக் கூட்டி, தூக்குவிசை இழக்கும் ஸ்டால் நிலைக்குக் கொண்டுபோகிறது. ஓடும் வலது மோட்டாரோ மூக்கை இன்னும் திருப்புகிறது. மோட்டாரைப் பிரித்தபோது காரணம் தெரிந்தது: மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவியான இஎஸ்சியிலிருந்து வரும் மூன்று வயர்களில் ஒன்றின் கனெக்டர் பாதி நழுவியிருந்தது. விரலால் ஒருமுறை இழுத்துப் பார்த்திருந்தால் அகப்பட்டிருக்கும்.

அதன்பின் பயிற்சி நாட்களை மாற்றினோம். ஒரு மோட்டார் நின்றால் முதலில் த்ரோட்டிலைக் கீழே இறக்கு, மூக்கைச் சற்றுத் தாழ்த்தி வேகத்தைக் காப்பாற்று, ஓடுகிற மோட்டார் பக்கம் ரட்டர் (மூக்கைத் திருப்பும் வால் சுக்கான்) கொடு. இதைச் சிமுலேட்டரில் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிப் பழகினோம். சில மாதம் கழித்து இன்னொரு உறுப்பினருக்குத் திருப்பத்தில் வலது மோட்டார் நின்றது. த்ரோட்டில் உடனே பூஜ்யத்துக்குப் போனது. இழுக்க எதுவும் இல்லாததால் விமானம் நேரானது, கிளைடர்போல மிதந்து வந்து புல்லில் இறங்கியது. ஒரு கீறல்கூட இல்லை. இந்த ஆண்டில் எனக்கு மிகவும் நிறைவு தந்த தரையிறக்கம் அதுதான்.

தரையிலும் கற்றோம். இரண்டு இஎஸ்சிகளையும் ஒரே சிக்னலை இரண்டுக்கும் பிரித்துத் தரும் ஒய் கேபிளில் இணைத்து, புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, ஒன்றாகவே த்ரோட்டில் காலிபரேஷன் (த்ரோட்டிலின் கீழ், மேல் எல்லைகளைப் பதியவைப்பது) செய்ய வேண்டும். இல்லாவிட்டால் ஒன்று முந்திக்கொண்டு சுழலத் தொடங்கும். இரண்டிலும் ரிசீவருக்கு மின்சாரம் தரும் பிஇசி இருந்தால் ஒன்றின் சிவப்பு வயரை மட்டும் கனெக்டரிலிருந்து எடுத்து டேப் சுற்றிவிடுகிறோம். பி-38 லைட்னிங் மாடலில் புரொப்பெல்லர்கள் எதிரெதிராகச் சுழலும். அவற்றை ஒருவர் இடம் மாற்றிப் போட்டுவிட்டார்; மோட்டார்கள் சீறின, காற்று மட்டும் பின்னால் போகாமல் முன்னால் வந்தது. எரிபொருளில் ஓடும் க்ளோ இன்ஜின் வைத்திருப்பவர்கள் இரண்டையும் கொஞ்சம் ரிச்சாகவே (எரிபொருள் சற்றுக் கூடுதலாக) வைத்து, டேக்கோமீட்டரில் சுற்றுகளைச் சமமாக்கி, மூக்கை மேலே தூக்கிப் பிடித்து ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். இரண்டு டேங்குகளிலும் எரிபொருள் ஒரே நேரத்தில் தீர்ந்துபோவதில்லை என்பதால் டைமரை முன்கூட்டியே அடிக்க வைக்கிறார்கள்.

புதியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் இரட்டை மோட்டாராக, மோட்டார்கள் உடலுக்கு நெருக்கமாக அமைந்த, பெரிய ரட்டர் உள்ள விமானத்தை எடுங்கள். நின்ற மோட்டாரின் பாதிப்பு அதில் குறைவு, திருத்த நேரமும் கிடைக்கும். பார்க்க அழகான போர் விமானம் அடுத்த ஆண்டும் கடையில் இருக்கும்.

வரும் ஆண்டுக்கு ஒரு தீர்மானத்தை முன்மொழிகிறேன். புதிதாக வரும் எந்த இரட்டை மோட்டார் விமானமும், ஒவ்வொரு மோட்டாரையும் தனித்தனியே நிறுத்திப் பார்க்கும் தரைச் சோதனையை இன்னொரு உறுப்பினர் முன்னிலையில் முடித்த பிறகே ஓடுபாதைக்கு வர வேண்டும். வழிமொழிபவர் கைதூக்கும்படி கேட்டுக்கொண்டு, இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்