கணக்கியலும் வணிகமும் மிச்சப் பாடங்களா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் மலேசிய இடைநிலைப்பள்ளிகளில் மூன்றாம் படிவத்தை முடிக்கும் மாணவர்களிடம், நான்காம் படிவத்தில் எந்தப் பாடத் தொகுப்பை எடுக்க விரும்புகிறார்கள் என்று கேட்டுப் பள்ளிகள் ஒரு பாரம் கொடுத்தனுப்புகின்றன. (படிவம் என்று எழுதினால் வகுப்பைக் குறித்துவிடும் என்பதால், நம் பேச்சு வழக்குப்படியே பாரம் என்று எழுதுகிறேன்.) ஒரு வாரத்திற்குள் கையெழுத்திட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டிய அந்த ஒற்றைத் தாள், பிள்ளை அடுத்த இரண்டு ஆண்டுகள் என்ன படிக்கும், ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்தபின் எந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் என்பதையெல்லாம் பெருமளவுக்குத் தீர்மானித்துவிடுகிறது. மகனுக்கு ஒருமுறை, மகளுக்கு ஒருமுறை என அதை இருமுறை நிரப்பியவள் நான். பட்டர்வொர்த்தில் 18 ஆண்டுகளாகச் சிறு வணிகர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுத்துப் பிழைப்பவளும்கூட. அந்தத் தாளின் கடைசி வரிகளில் ஒதுங்கிக் கிடக்கும் கணக்கியல், வணிகம் ஆகிய தேர்வுப் பாடங்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் வழி சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

என் மகள் மூன்றாம் படிவத்தில் நல்ல மதிப்பெண்கள் எடுத்திருந்தாள். வீட்டில் நான் கணக்குப் பேரேட்டோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தே வளர்ந்தவள் ஆதலால், கணக்கியல் படிக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. கணக்கியலும் பொருளாதாரமும் உள்ள தொகுப்பை முதல் விருப்பமாக எழுதிக் கொடுத்தாள். இரண்டே நாளில் பள்ளியிலிருந்து என்னை அழைத்தார்கள். “இவ்வளவு நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளையை ஏனம்மா அந்த வகுப்பில் போடுகிறீர்கள்?” என்று கேட்ட ஆசிரியரின் குரலில் அக்கறைதான் இருந்தது, அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் “அந்த வகுப்பு” என்று அவர் சொன்ன விதத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டது. முதல் இரண்டு வகுப்புகளுக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல், கூடுதல் கணிதம். அதற்கடுத்த வகுப்புக்குக் கணக்கியல். கடைசி வகுப்புக்கு வணிகம் என்று கால அட்டவணை முன்பே முடிவாகியிருந்தது. எங்களிடம் விருப்பம் கேட்டது ஒரு மரியாதைக்கு. மகள் அறிவியல் வகுப்பில் சேர்ந்து, உயிரியலோடு இரண்டு ஆண்டுகள் மல்லுக்கட்டிவிட்டு, எஸ்.பி.எம். முடித்ததும் பாலிடெக்னிக்கில் கணக்கியல் டிப்ளோமாவுக்கே போனாள். பற்று எது, வரவு எது என்பதை 18 வயதில் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

மகனுக்கு நேர்ந்ததோ இதன் மறுபக்கம். அவனுக்கு மதிப்பெண்கள் குறைவு. ஆகவே யாரும் அழைக்கவில்லை, யாரும் விருப்பம் கேட்டு வாதாடவில்லை. அவன் எழுதிக் கொடுத்தது ஒன்றாக இருக்க, வணிகப் பாடம் உள்ள கடைசி வகுப்பில் அவன் பெயர் இருந்தது. அங்கே அந்தப் பாடத்தை நடத்தியவர் வேறு பாடத்திற்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர். குறிப்புகளைப் பலகையில் எழுதிப் போட்டு, “இதை மனப்பாடம் செய்தால் தேறிவிடலாம்” என்று சொல்லிவிட்டுப் போவாராம். நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு மறுக்கப்படும் பாடம், படிக்காது என்று கருதப்படும் பிள்ளையின் தலையில் கட்டப்படுகிறது. இரண்டு பிள்ளைகளையும் பெற்றவள் என்பதால் இது என் கண்ணில் பட்டது. இல்லாவிட்டால் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன்.

கல்வி அமைச்சின் கொள்கைப்படி இப்படி நடக்க வேண்டிய அவசியம் இல்லை. 2020-இல் நான்காம் படிவத்திற்குப் புதிய பாடத்திட்டம் வந்தபோது, அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்ற பழைய பகுப்பு கைவிடப்பட்டு, கட்டாயப் பாடங்களோடு தேர்வுப் பாடங்களைப் பலவிதமாகச் சேர்த்து எடுக்கும் தொகுப்புமுறை வந்தது. மூன்றாம் படிவ முடிவில் பிள்ளைகளைத் தரம் பிரிக்கப் பயன்பட்ட பிடி3 தேர்வும் 2022-இல் நீக்கப்பட்டது. ஏட்டளவில் பார்த்தால், கூடுதல் கணிதத்தோடு கணக்கியலை எடுக்கவோ, கணினி அறிவியலோடு வணிகத்தை எடுக்கவோ தடையில்லை. நடைமுறையில், எந்த ஆசிரியர் இருக்கிறார், எத்தனை வகுப்பறைகள் இருக்கின்றன என்பதைக் கொண்டு பள்ளி தொகுப்புகளை அமைக்கிறது. அமைத்த தொகுப்புகளை மதிப்பெண் வரிசையில் மேலிருந்து கீழாக அடுக்குகிறது. பகுப்பின் பெயர் போயிற்று, அடுக்கு போகவில்லை.

இந்த அடுக்கு ஒரு நாளில் வந்ததன்று. 60 விழுக்காட்டு மாணவர்கள் அறிவியலும் தொழில்நுட்பமும், 40 விழுக்காட்டினர் கலைத்துறையும் படிக்க வேண்டும் என்ற இலக்கு 1970 முதல் நம் நாட்டில் இருந்து வருகிறது. பினாங்குக்காரர்களுக்கு அந்த எண்ணம் இன்னும் ஆழமாகப் பதிந்ததற்குக் காரணமும் உண்டு. 1972-இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வர்த்தக மண்டலம் திறக்கப்பட்டு, இன்டெல் போன்ற நிறுவனங்கள் வந்தது முதல், பிள்ளை பொறியியலாளராகி அந்தப் பெரிய வாயிலுக்குள் நுழைய வேண்டும் என்பது தீவிலும் பெருநிலத்திலும் உள்ள பெற்றோரின் கனவாகிவிட்டது. நியாயமான கனவுதான். ஆனால் அதே தொழிற்சாலைக்குள் மூலப்பொருள் வாங்கும் பிரிவு, சம்பளப் பிரிவு, கப்பல் சரக்குப் பிரிவு, கணக்குப் பிரிவு என்று எத்தனையோ மேசைகள் இருப்பதை நாம் பிள்ளைகளிடம் சொல்வதில்லை.

தொழிற்சாலையை விடுங்கள், நம்மவர் நடத்தும் கடைகளுக்கு வருகிறேன். முடிதிருத்தகம், பூக்கடை, லாரிப் போக்குவரத்து, தையற்கடை என்று என்னிடம் வருகிறவர்களில் பலர் ஓராண்டு ரசீதுகளைப் பிஸ்கட் டின்னில் போட்டுக் கொண்டுவருகிறார்கள். அவர்கள் உழைப்புக்கு அஞ்சாதவர்கள், கணக்குக்கு அஞ்சுகிறவர்கள். திருமணங்களுக்குச் சமைத்துக் கொடுக்கும் ஓர் அம்மையார், மாதக் கடைசியில் கைப்பையில் மிஞ்சும் பணம்தான் இலாபம் என்று பத்தாண்டுகளாக நம்பியிருந்தார். வேனின் தேய்மானம், விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து உடன் வேலை செய்யும் மகனின் கூலி, தன்னுடைய கூலி, எதுவுமே அவர் கணக்கில் இல்லை. அவற்றைச் சேர்த்து எழுதியபோது, பெரிய விருந்துகளில் சில அவருக்கு நட்டத்தையே தந்திருந்தன என்பது தெரிந்தது. கடனுதவி கேட்டுப் போன இடத்தில் ஓராண்டு வரவு செலவைக் காட்டச் சொன்னபோதுதான் அவர் என்னைத் தேடி வந்தார். சிறு தொழில்களுக்குக் கடன் தரும் அரசு அமைப்பான தெக்குன் நேஷனல் வழியாக நம் சமூகத்தினருக்கு ஸ்பூமி என்ற கடன் உண்டு. இந்தியப் பெண்களுக்கென அமானா இக்தியார் என்ற சிறுகடன் அமைப்பு 2024-இல் ‘பெண்’ திட்டத்தைத் தொடங்கியது. ஒதுக்கீடு போதவில்லை என்று மேடைதோறும் பேசுகிறோம். ஒதுக்கியதைப் பெறுவதற்குக் காட்ட வேண்டிய கணக்கை எழுதத் தெரியாத தலைமுறையை வளர்ப்பதைப் பற்றிப் பேசுவதில்லை.

இத்தனைக்கும் கணக்கு நமக்குப் புதிய வித்தையன்று. ஜார்ஜ்டவுனில் பினாங்குத் தெருவிலும் கோலாலம்பூரில் லெபோ அம்பாங்கிலும் கிட்டங்கி என்ற வட்டிக்கடை நடத்திய நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்), தங்கள் பிள்ளைகளைச் சிறு வயதிலேயே பெட்டியடியில், அதாவது கணக்குப் பெட்டியின் அருகில், உட்கார வைத்துப் பழக்கினார்கள். ஏடு எழுதவும் வட்டி கணக்கிடவும் சொத்தையும் கடனையும் காட்டும் ஐந்தொகை எடுக்கவும் கற்ற பிறகே ஒருவர் அடுத்தாளாகவும் (உதவியாளர்) பின்னர் மேலாளாகவும் (கடையின் பொறுப்பாளர்) உயர முடிந்தது. அவர்கள் செய்த வட்டித் தொழிலை மெச்சுவதற்காக இதைச் சொல்லவில்லை. அதைப் பற்றிச் சொல்ல வேறு கதைகளும் உண்டு. செய்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, உண்மையான ஏட்டில், உண்மையான பணத்தைப் பார்த்துக் கற்றார்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. இன்று பள்ளியில் கற்பிக்கும் குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு, ஐந்தொகை எல்லாம் அதே வித்தைதான். பக்கத்தில் உட்கார ஆளில்லை, அவ்வளவே.

வணிகப் பாடத்தோடு சேர்த்துப் பள்ளிகளில் விற்பனைச் சந்தை நடத்துகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நான் பார்த்த ஒரு சந்தையில், நாசி லெமாக் விற்ற மாணவர் குழு 300 ரிங்கிட்டுக்கு மேல் இலாபம் என்று அறிவித்துக் கைத்தட்டல் வாங்கியது. அரிசியும் தேங்காய்ப்பாலும் ஒரு மாணவியின் வீட்டிலிருந்து வந்தவை, சமைத்தவர் அவளுடைய அம்மா, எரிவாயுவும் அவருடையதே. அன்று கைத்தட்டிய பிள்ளைகள் கற்றுக்கொண்டது, எங்கள் விருந்துச் சமையல் அம்மையாரின் அதே தவற்றைத்தான். அந்தச் சந்தை முடிந்த மறுநாள், ஒரு பாடவேளை முழுவதும் உட்கார்ந்து, இலவசமாக வந்ததற்கெல்லாம் விலைபோட்டு எழுத வைத்திருந்தால், பாடநூலின் மூன்று பக்கங்களுக்கு அது ஈடாகியிருக்கும்.

அதேபோல், வேலைக்குப் போகும் பிள்ளை முதல் மாதமே கையில் வாங்கும் சம்பளச் சீட்டைப் படிக்க எந்த வகுப்பில் கற்றுக்கொடுக்கிறோம்? 2025-இல் நடப்புக்கு வந்த 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தை எடுத்துக்கொள்வோம். ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 187 ரிங்கிட் பிடிக்கப்படும். முதலாளி தம் பங்காக 13 விழுக்காடு, 221 ரிங்கிட், சேர்த்து அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். இதை அறியாத பிள்ளை, “சேமநிதி வேண்டாம், கையில் முழுச் சம்பளமாகக் கொடுத்துவிடுகிறேன்” என்று ஒரு முதலாளி சொன்னால் மகிழ்ச்சியோடு தலையாட்டும். மாதம் 221 ரிங்கிட்டை இழந்தது அதற்குத் தெரியாது. அப்படித் தலையாட்டிய இளைஞர்களையும், கட்டாமல் விட்டுப் பின்னர் அபராதத்தோடு கட்டிய முதலாளிகளையும் நான் பார்த்திருக்கிறேன். தொழில் தொடங்கி 30 நாள்களுக்குள் எஸ்.எஸ்.எம். என்ற நிறுவனப் பதிவு ஆணையத்தில் பதிய வேண்டும், சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் என்றால் 60 ரிங்கிட், ரசீதுகளை ஏழாண்டு காலம் வைத்திருக்க வேண்டும் என்பவையெல்லாம் ஒரே பாடவேளையில் சொல்லி முடிக்கக்கூடியவை. 2024 ஆகஸ்டு முதல் படிப்படியாக வந்த மின்விலைப்பட்டியல் முறை (விற்பனைச் சீட்டை இணையம்வழி வரி வாரியத்தில் பதிவது) எல்லாக் கடைகளையும் எட்டாவிட்டாலும், பிஸ்கட் டின்னுக்கு இடம் குறைந்துகொண்டே வருகிறது.

ஒழுங்காக நடத்தப்படாத வணிகப் பாடம்கூட முற்றிலும் வீணாவதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். என் மகன் இப்போது புக்கிட் மெர்தாஜாமில் குளிர்சாதனங்களைப் பழுதுபார்க்கும் வேலையைச் சொந்தமாகச் செய்கிறான். கூட்டாகத் தொழில் செய்யலாம் என்று நண்பன் ஒருவன் அழைத்தபோது, “கூட்டு வணிகத்தில் அவன் பட்ட கடனுக்கும் நான் பொறுப்பாக வேண்டும் அம்மா, நான்காம் படிவத்தில் படித்தேன்” என்றான். மனப்பாடம் செய்த குறிப்பு ஒன்று அவனைக் காப்பாற்றியது. அந்தப் பாடத்தை விரும்பி எடுத்து, தெரிந்தவரிடம் படித்திருந்தால் இன்னும் எத்தனை குறிப்புகள் கைகொடுத்திருக்கும்! சில இடைநிலைப்பள்ளிகளில் மோட்டார் சைக்கிள் பராமரிப்பு, வீட்டு மின்கம்பி இணைப்பு, உணவு தயாரிப்பு போன்ற தொழிற்பாடங்களும் எஸ்.பி.எம். தேர்வுப் பாடங்களாக உள்ளன. அவன் படித்த பள்ளியில் அவை இல்லை. அவை எங்கே இருக்கின்றன என்று விசாரிக்க எனக்கும் அப்போது தோன்றவில்லை. அது என் தவறு.

பெற்றோராகிய நம்மால் என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களுக்கு நம் சொந்த அனுபவமே பதில். 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பு நடத்த வேண்டும் என்று 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் சொல்கிறது. அந்த ஒரு வரியைக் கையில் பிடித்துக்கொண்டு, வீடு வீடாகப் போய்ப் பெயர் சேர்த்து, பள்ளி முதல்வரின் அறைக்கு வெளியே காத்திருந்து வகுப்பைப் பெற்றவர்கள் நம்மிடையே ஏராளம். கணக்கியலுக்கு அப்படியொரு சட்டவரி இல்லை. ஆனாலும் 20 பெற்றோர் ஒன்றாகக் கையெழுத்திட்டு, கூடுதல் கணிதத்தோடு கணக்கியல் சேர்ந்த ஒரு தொகுப்பு வேண்டும் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வழி கேட்டால், எந்த முதல்வரும் அதைப் படிக்காமல் ஒதுக்கிவிட மாட்டார். கேட்கும்போது, தமிழ்மொழிப் பாடவேளை கணக்கியலோடு மோதாதபடி அட்டவணை அமைக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்; இரண்டில் ஒன்றை விடு என்ற நிலை வந்தால் தமிழைத்தான் விடுகிறார்கள் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாரம் கைக்கு வருவதற்கு முன்பே, ஜூன் ஜூலை வாக்கில் கேட்பது நல்லது. பாரம் வந்தபின் அட்டவணை அசையாது.

பள்ளிகளிடம் என் வேண்டுகோள் சிறியது. மதிப்பெண்ணைப் பார்த்து விருப்பத்தை மாற்றும் முன், பெற்றோரையும் பிள்ளையையும் ஒன்றாக உட்கார வைத்து ஆலோசக ஆசிரியர் கால் மணி நேரம் பேசட்டும். கணக்கியலும் வணிகமும் படித்துச் சென்ற முன்னாள் மாணவர்களை ஆண்டுக்கொருமுறை அழைக்கட்டும். வணிகர்களிடமும் ஒன்று கேட்கிறேன். 1989-இல் தொழில்துறையினரின் முன்னெடுப்பில் பினாங்குத் திறன் மேம்பாட்டு மையம் உருவானது, தங்களுக்கு வேண்டிய திறன் தானாக வந்து சேராது என்று அவர்கள் அறிந்திருந்ததால்தான். லிட்டில் இந்தியாவில் கடை வைத்திருப்பவர்களும் பள்ளி விடுமுறையில் இரண்டு வாரங்களுக்கு ஒரு மாணவரைக் கல்லாப்பெட்டிக்கு அருகில் உட்கார வைக்கலாம். மூட்டை தூக்க மட்டும் அழைக்காதீர்கள், கணக்கைக் காட்டுங்கள்.

என் பங்குக்கு, செபராங் பிறையில் எந்த இடைநிலைப்பள்ளியின் வணிக மன்றம் அழைத்தாலும், சனிக்கிழமைகளில் வந்து, பெயர்களை மறைத்த உண்மையான பேரேடுகளையும் சம்பளச் சீட்டுகளையும் மாணவர்களுக்குக் காட்டி விளக்கத் தயாராக இருக்கிறேன். அந்தப் பிஸ்கட் டின் ஒன்றையும், அதன் உரிமையாளரின் அனுமதியோடு, கொண்டுவருவேன். என் முகவரியைத் தங்கள் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கணக்கெழுதும் ஒரு தாய்,
பட்டர்வொர்த், பினாங்கு