இருபதைப் பத்தொன்பது ஆக்கு

அன்புள்ள செல்வம்,

கடிதமும் நீ பேனாவால் கிறுக்கிய பட்டறைப் படமும் வந்தன. அத்தையின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது நிம்மதி. சுவர் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று எழுதாமல் விட்டுவிட்டாய். இன்னும் அஸ்திவாரத்தில்தான் நிற்கிறது என்றால் 20 அடி அகலத்தை 19 ஆக்கிவிடு, வெளிமுகத்திலிருந்து வெளிமுகம்.

எல்லாம் கூரைச் சட்டத்துக்கான இரும்புப் பைப்புக்காகத்தான். கடையில் 20 அடி என்பார்கள்; டேப்பை வைத்தால் 6 மீட்டர், அதாவது 19 அடி 8 அங்குலம். 19 அடி அகலத்துக்கு முகடு 1 அடி 11 அங்குலம் எழும்பினால், ட்ரஸ்ஸின், அதாவது கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டத்தின், சாய்வுக் கை ஒவ்வொன்றும் 9 அடி 8¼ அங்குலம் வரும். ஒரே பைப்பில் இரண்டு கையும் வெட்டலாம். கீழே படுக்கும் அடிக்கை இன்னொரு பைப்பில் ஒட்டில்லாமல் முடியும். 20 அடிக்குப் போனாயோ, ஒவ்வொரு ட்ரஸ்ஸிலும் ஒட்டு. நீளத்திலும் இதே கணக்குதான்: ட்ரஸ்ஸுக்கு ட்ரஸ் 3 மீட்டர், மொத்தம் நாலு ட்ரஸ், 9 மீட்டர். அப்படி வைத்தால், ட்ரஸ்களின் மேல் நெடுக ஓடி ஷீட்டைத் தாங்கும் பர்லினின் ஒட்டு எப்போதும் ட்ரஸ்ஸின் தலையில் விழும். ஒரு வரிசையில் இரண்டாவது ட்ரஸ் மேல் ஒட்டு வந்தால், அடுத்த வரிசையில் மூன்றாவதன் மேல் வரட்டும்.

கைகளுக்கு இரண்டு அங்குலத்துக்கு இரண்டு, 2.5 எம்எம் கனம், 8 பைப். கைகளுக்கு இடையே நிற்கும் உள்கால்களுக்கு ஒன்றரைக்கு ஒன்றரை, 2 எம்எம், 5 பைப். பர்லினுக்கு இரண்டுக்கு ஒன்று போதும் என்று கடைக்காரர் சொல்வார், கேட்காதே. மூன்றுக்கு ஒன்றரையை, மூன்றங்குலப் பக்கம் செங்குத்தாக நிற்கும்படி வை. பக்கத்துக்கு நாலு வரிசை, 12 பைப். ஒவ்வொரு பர்லினுக்கும் நேர் கீழே ஒரு குத்துக்கால் வந்தாக வேண்டும். இல்லையென்றால் பாரம் கையின் நடுவில் விழுந்து கை வளையும்.

நாலு ட்ரஸ்ஸையும் ஒரே அச்சில் போடு. சமமான தரையில் சாக்பீஸால் முழு அளவில் வரைந்து, கோட்டோரம் ஆங்கிள் துண்டுகளை நிறுத்தி, அதற்குள் பைப்பை வைத்து எல்லா மூட்டிலும் டாக் அடி, சின்னப் பொட்டு வெல்டிங் மட்டும். முழு வெல்டிங் பிறகுதான், அதையும் எதிரெதிர் மூட்டாக மாறிமாறிப் போடு. ஒரு மூலையிலேயே உட்கார்ந்து ஓட்டினால் சூட்டில் முறுக்கிக்கொள்ளும்.

திருச்சிக்குக் காற்று வேகம் இந்திய நிர்ணயப்படி நொடிக்கு 47 மீட்டர். அந்த வேகத்தில் அழுத்தம் சதுர மீட்டருக்கு 130 கிலோவைத் தாண்டும். உன் ஷீட்டோ 5 கிலோகூட இராது. இந்தக் கூரை கீழே இறங்குமோ என்று பயப்படாதே, மேலே பறக்கும் என்று பயப்படு. அதனால் ட்ரஸ் முனைக்கு இரண்டு 16 எம்எம் ஆங்கர் போல்ட், அடியில் கொக்கி வளைத்து, சுவர்த் தலையில் ஓடும் பெல்ட் காங்கிரீட் போடுமுன் தூண் கம்பியோடு கட்டிவிடு. செங்கல்லில் துளை போட்டு அடிப்பது சும்மா ஆறுதலுக்கு. ட்ரஸ் முனை உட்காரும் பேஸ் பிளேட்டையே அச்சாக வைத்து போல்ட்டை நிறுத்து, மரைக்கு டேப் சுற்று. ஒரு முனைத் துளையைக் கொஞ்சம் நீளமாக்கிக்கொள். எவ்வளவு பார்த்தாலும் சிறிது பிசகும்.

ஒரு ட்ரஸ் சுமார் 60 கிலோ, நாலு பேர் தூக்கிவிடலாம். முதலில் இரண்டு கோடியிலும் உள்ள ட்ரஸ்ஸை ஏற்றி, முகட்டில் தூக்குக்குண்டு விட்டு, இருபுறமும் கயிறு கட்டு. முகட்டிலிருந்து முகட்டுக்கு நூல் பிடித்தபிறகு நடு இரண்டு. கோடி ட்ரஸ்ஸுக்கும் அடுத்ததுக்கும் பர்லின் வைத்து, குறுக்கே பெருக்கல் குறிபோல் 12 எம்எம் கம்பியும் அதை முறுக்கி இறுக்கும் டர்ன்பக்கிளும் போட்டு இறுக்காமல் அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகாதே. ஒன்று சரிந்தால் எல்லாம் வரிசையாகச் சரியும்.

அப்புறம், இன்ஜின் தூக்க அடிக்கையில் செயின் பிளாக் தொங்கவிடும் யோசனையை மறந்துவிடு. அதற்குத் தரையில் தனிச்சட்டம்.

ஷீட் பத்தரை அடி, பக்கத்துக்கு 9. ஆடிக்காற்று மேற்கே இருந்து அடிப்பதால் கிழக்குக் கோடியில் தொடங்கு. அப்போதுதான் ஷீட் மேல் ஷீட் ஏறும் மேல்மடிப்பின் வாய் காற்றுக்கு முதுகு காட்டும். ஸ்க்ரூவை மேட்டில் போடு, ரப்பர் வாஷர் பிதுங்குமுன் கையை எடு. பிதுங்கிய வாஷர் இரண்டு வெயில் பார்த்தால் வெடித்து ஒழுகும். துளையிடும்போது சிதறும் இரும்புத்தூளை அன்றன்றே துடைப்பத்தால் பெருக்கிவிடு, ஒரு தூறல் பட்டாலே நீல ஷீட்டெல்லாம் துருப்புள்ளி.

பெல்ட்டுக்குக் கம்பி கட்டியதும் படம் அனுப்பு. போல்ட் நிற்கும் இடத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அதுவரை காங்கிரீட் வேண்டாம்.

அன்புடன்,
முத்து