ஆண்மை என்ற சொல்லும் தங்கள் கட்டுரையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், தம் கழுத்துச் சங்கிலியைப் பறித்தவனை விரட்டிப் பிடித்த பெண்மணியைப் பற்றி ‘பெண்ணாகப் பிறந்தும் ஆண்மையோடு நின்றார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். பாராட்டும் நோக்கில்தான் எழுதினீர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் துணிவு என்பது ஆண்களின் உடைமை, அதை அவர் அன்று ஒரு நாள் இரவல் வாங்கினார் என்றல்லவா அந்த வரி சொல்கிறது?

அச்சொல்லின் வரலாறு தாங்கள் அறியாததன்று. பிறன்மனை நோக்காத அடக்கத்தைப் ‘பேராண்மை’ என்றார் வள்ளுவர் (குறள் 148). பிறந்த குடியை ஆளும் பொறுப்பாகிய ‘இல்லாண்மை’யை ஏற்பதை ‘நல்லாண்மை’ என்றார் (1026). போர்க்களத்தைப் பாடும்போது தறுகண்மையை, அதாவது அஞ்சாத வீரத்தை, பேராண்மை என்றவர், பகைவனுக்கு ஒரு துன்பம் நேர்ந்தால் அவனுக்கு உதவும் ஊராண்மையே அதன் கூர்மை என்றும் அதே குறளில் சேர்த்தார் (773). உரை எழுதிய பரிமேலழகர் அங்கே ‘ஆண்தன்மை’ என்றே பொருள் சொன்னார் என்பதை நான் மறைக்கவில்லை. இருந்தும் வேளாண்மை, தாளாண்மை என்று நாம் இன்றும் சொல்லும்போது ஆண், பெண் என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. கணவனைக் களத்தில் இழந்த மறுநாளே, ஒரே மகனின் தலைக்கு எண்ணெய் தடவி, கையில் வேலைக் கொடுத்துப் போருக்கு அனுப்பிய தாயைப் பாடிய சங்கப் பெண்பாற்புலவர் ஒக்கூர் மாசாத்தியார், ‘கடிதிவள் துணிவே’ என்றுதான் பாடினார் (புறநானூறு 279). ஆண்மை என்ற சொல் அவருக்குத் தேவைப்படவில்லை.

என் தந்தை இறந்த பிறகு எங்கள் நிலத்தை என் தாயார்தான் பார்த்தார். முறைத் தண்ணீர் நள்ளிரவில் வரும். அரிக்கேன் விளக்கை வரப்பில் வைத்துவிட்டு மடையில் மண்வெட்டியோடு நிற்பார். மேல்மடைக்காரர் ஒருவர் ஆட்களோடு வந்து அடைக்கப் பார்த்த இரவில், எங்கள் வயல் நிறையும் வரை அவர் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. மறுநாள் ஊரே ‘ஆம்பளை மாதிரி நின்னுட்டா’ என்று மெச்சியது. ‘நான் நின்னேன்னு சொல்ல வாய் வரலையே’ என்று அவர் அடுப்படியில் முனகியதைக் கேட்டவள் நான்.

இது ஒரு நாள் வருத்தமன்று. சில மாதங்களுக்கு முன், செயல்படாத அதிகாரிக்கு வளையலும் சேலையும் அனுப்பிய போராட்டத்தைப் படத்தோடு முதற்பக்கத்தில் போட்டீர்கள். வளையல் அணிந்த கைகளுக்கு அது எவ்வளவு பெரிய அவமதிப்பு என்று ஒரு வரிகூட இல்லை. அப்போது நான் எழுதிய கடிதமும் வெளிவரவில்லை. ஆண்மைக் குறைவுக்கு மருந்து விற்கும் விளம்பரங்களோ வாரந்தவறாமல் வருகின்றன. வள்ளுவர் ஒழுக்கத்துக்கு வைத்த சொல் அங்கே உடற்கூற்றின் பெயராகச் சுருங்கிப்போனதைக் கண்டு, தமிழ் கற்பித்து ஓய்வுபெற்ற எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

தங்களிடம் நான் கேட்பது சிறிய உதவிதான். துணிவு, அஞ்சாமை, தறுகண்மை என்று சொற்கள் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்துமாறு தங்கள் உதவி ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு அனுப்புங்கள். வரும் ஞாயிறு இணைப்பில், அந்தப் பெண்மணி துணிவோடு நின்றார் என்று இரண்டு வரியில் ஒரு திருத்தமும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி